சராசரியில் தெரியாத ஓட்டை

தம்பி, செவ்வாய்க்கிழமை போனில் நான் உனக்குச் சொன்ன பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் கோயில் கும்பாபிஷேகம், மேலத்தெருப் பெண்ணின் பிரசவம் என்று எங்கெங்கோ போய்விடுவேன். நீயும் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாய். எழுதினால் எடுத்த விஷயத்தை விட்டு ஓட முடியாது. எட்டாவது வரைக்கும் படித்த கை இது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முடித்ததும் நீ வாங்கிக்கொடுத்த போனிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். திங்கட்கிழமை காலை அந்தத் தாளில் நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடு.

நீ அன்றைக்குக் கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை. உங்கள் ஓசூர் ஃபாக்டரியில் கார் ஸ்டீயரிங்குக்கு உள்ளே இருக்கிற மெக்னீசியக் கூட்டை வார்க்கிறீர்கள். அதைச் சோதித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது உன் வேலை. இப்போது வார்த்த ஒரு லாட்டில், நடுவில் இருக்கிற குடமும் ஆரக்காலும் சேருகிற இடத்தில், எக்ஸ்ரேயில் சின்னச் சின்ன ஓட்டைகள் கூட்டமாகத் தெரிகின்றன. கூடு முழுசுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஓட்டையின் அளவு வரம்புக்குள்தான் வருகிறது. சராசரியில் பாஸ் ஆகிறதே, அப்புறம் என்ன என்கிறார் மேனேஜர். நீ கையெழுத்துப் போடாவிட்டால் லாட் நிற்கும், உனக்கு வரவேண்டிய பர்மனென்ட் ஆர்டரும் நிற்கும். தை மாதம் கல்யாணம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்க சித்தி?" என்று கேட்டாய். நான் மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை. "போட்டுடு கண்ணு, மத்தத அம்மன் பாத்துப்பா" என்றேன். நீ "சரி" என்றாய். நீ எதற்குச் சந்தோஷமாகச் சரி சொல்வாய், எதற்கு வேறு வழியில்லாமல் சொல்வாய் என்று மூன்று வயதில் உன்னை எடுத்து வளர்க்க ஆரம்பித்ததிலிருந்து எனக்குத் தெரியும். அன்றைய சரி இரண்டாவது வகை.

போனை வைத்துவிட்டு அரை ஆழாக்கு அரிசி களைந்தேன். ஒரு ஆளுக்குச் சமைக்கிறது ஒரு சமையலே இல்லை தம்பி, பாத்திரத்தின் அடியில் சோறு ஒட்டிக்கொண்டு கிடக்கும், அதைப் பார்த்தாலே பசி போய்விடும். டி.வி.யைப் பேச விட்டுவிட்டு உட்கார்ந்தேன். பார்க்கிறதற்கு இல்லை, வீட்டில் ஒரு குரல் வேண்டுமே என்று. அதில் யாரோ காரை ஓட்டிக்கொண்டு போனார்கள். என்னால் அந்தக் காரையும் பார்க்க முடியவில்லை, முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன பொங்கலுக்கு வந்தபோது கழித்துப் போட்ட கூடு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா. நம் வீட்டு அலுமினியக் குண்டானைவிட லேசாக இருந்தது. இவ்வளவு லேசானது எப்படிப்பா தாங்கும் என்று கேட்டேன். நீ மத்தியானம் முழுக்க உட்கார்ந்து விளக்கினாய். உன் வேலையைப் பற்றி நீ என்னிடம் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். உருகின மெக்னீசியத்தை எஃகு அச்சுக்குள் கண் இமைக்கிற நேரத்தில் பீய்ச்சி அடிப்பார்கள், அந்த வேகத்தில் காற்றும் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொள்ளும் என்றாய். தடிமனான இடம் கடைசியில் ஆறும், ஆறும்போது சுருங்கும், சுருங்குகிற இடத்தை நிரப்ப உலோகம் வராவிட்டால் அங்கேயும் பள்ளம் விழும் என்றாய். அச்சைத் தொட்டு முதலில் இறுகின மேல்தோல் கெட்டியாக, வழவழப்பாக இருக்கும். அதனால் வெளியே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கடைசல் போட்டுத் தோலைச் சீவினால்தான் சில ஓட்டைகள் முகத்தைக் காட்டும். ஒரே அச்சில் ஒரே நாளில் வார்த்த இரண்டை இழுத்துப் பார்த்தால் ஒன்று நன்றாகத் தாங்கும், இன்னொன்று பட்டென்று போகும். போனதன் உடைந்த முகத்தைப் பார்த்தால் அங்கே ஒரு ஓட்டை உட்கார்ந்திருக்கும். இப்படித்தான் சொன்னாய்.

அப்படியானால் ஓட்டையே இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். அப்படி ஒன்று கிடையாது சித்தி, எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும் என்று சிரித்தாய். "எவ்ளோ ஓட்டைங்கிறது பெருசு இல்ல. எவ்ளோ பெருசு, எந்த எடத்துல, அதான். பாரம் இழுக்குற எடத்துல, தோலுக்குப் பக்கத்துல ஒண்ணு இருந்தா அது போதும்." அது வரைக்கும் பாதிதான் புரிந்தது. இதைச் சொன்னதும் முழுசும் புரிந்துவிட்டது, ஏனென்றால் வரப்பில் நண்டு வளை பார்த்தவள் நான். மேட்டுப்பக்க வரப்பில் இருபது வளை இருந்தாலும் ஒன்றும் ஆகாது. மடைக்குப் பக்கத்தில், தண்ணீர் வந்து முட்டுகிற இடத்தில் ஒரே ஒரு வளை இருந்தால், முட்டி முட்டி அங்கேதான் வரப்பு பிய்த்துக்கொள்ளும். நான் இதைச் சொன்னதும் நீ எங்கள் என்ஜினியருக்கே நீங்கள் கிளாஸ் எடுக்கலாம் என்றாய். எவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு. இவ்வளவு தெரிந்தவள்தான் செவ்வாய்க்கிழமை உனக்கு அந்தப் பதிலைச் சொன்னாள்.

ஏன் சொன்னேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சராசரியில் பாஸ் ஆகிற சத்தியம் ஒன்றை நானே செய்திருக்கிறேன். இருபது வருஷமாக உன்னிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சாமியோடு முடிச்சுப் போடாதீர்கள் என்று நீ என்னைக் கேலி செய்வாய். இதை நான் முடிச்சுப் போடவில்லை, அதுவாகவே முடிந்து கிடக்கிறது.

நாம் குத்தகைக்கு உழுத கோயில் நிலம், மூன்று ஏக்கர் வருகிற அந்த ஒன்பது மாவும், யார் பெயரில் இருந்தது, எப்படிப் போயிற்று என்று உனக்கு ஒரு கதை தெரியும். கோயில் ஆபீஸும் தாசில்தார் ஆபீஸும் சேர்ந்து சித்தப்பாவை ஏமாற்றிவிட்டார்கள் என்பது அந்தக் கதை. நீ இன்றைக்கும் அவர்களைத் திட்டுகிறாய். நான் ஒரு தடவைகூட உன்னைத் திருத்தவில்லை. உன் சித்தப்பா சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போன இரண்டு வருஷம் உனக்குச் சரியாக ஞாபகம் இருக்காது, ஆறேழு வயது. அந்த இரண்டு வருஷமும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. நிவாரணத்துக்காக ஊர் மொத்தத்தையும் தரிசு என்றே கிராமக் கணக்கில் எழுதிவிட்டார்கள். ஆனால் நம் ஒன்பது மா தரிசாகக் கிடக்கவில்லை. அடுத்த வீட்டு மாரிமுத்து ஆயில் என்ஜின் வைத்து வடிகாலிலிருந்து தண்ணீர் இறைத்துச் சம்பா போட்டான். அதுவரைக்கும் அவன் நம்மிடம் கூலிக்கு உழுதவன்தான். அந்த இரண்டு வருஷம் மட்டும் வயல் முழுக்க அவன் பொறுப்பு, விளைந்ததில் பாதி அவனுக்கு, பாதி நமக்கு. பேச்சு வாய்ப்பேச்சுதான், காகிதம் கிடையாது. அவன் பெண்டாட்டி செல்வி என்னைவிட ஐந்து வயது சின்னவள். உனக்கு மஞ்சக்காமாலை வந்தபோது கீழாநெல்லியை அரைத்து விடிவதற்குள் கொண்டுவந்து நிற்பாள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் நடவு நடுவோம். நான் பேசிக்கொண்டே இருப்பேன். அவள் நடுநடுவே "ம்" போடுவாள். அந்த மாதிரி "ம்" போட்டு என் பேச்சைக் கேட்டவர்கள் அப்புறம் யாரும் இல்லை.

சித்தப்பா திரும்பி வந்த வருஷம், கோயில் நிலத்தை உழுகிறவர்கள் பெயரைப் பதிவு செய்யப் போகிறார்கள், பதிவு ஆகிவிட்டால் யாரும் அசைக்க முடியாது என்று பேச்சு வந்தது. அந்தக் காலம் அப்படி. உழுகிறவனுக்கே நிலம் என்று ஒரு கட்சி மேடை போடும், கோயில் சொத்தை மீட்போம் என்று இன்னொரு கட்சி மேடை போடும். இரண்டு மேடைக்கும் லாரி ஏறிக் கைதட்டப் போனது நம் தெரு ஆட்கள்தான். மாரிமுத்து வந்து, ரெண்டு வருஷம் நான் காப்பாத்துன வயல், பாதியில என் பேரையும் சேருங்கண்ணே என்று கேட்டான். நியாயமான பேச்சு. சித்தப்பா முடியாது என்றார். விஷயம் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போயிற்று. காகிதம் இல்லாத வழக்கு என்பதால், மாரியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதென்று முடிவானது. யார் செய்வது என்று வந்தபோது மாரிமுத்துவே என்னைக் காட்டினான். அண்ணி சொல்லட்டும், அவங்க வாயில பொய் வராது என்றான். வெள்ளிக்கிழமை விரதம், ஆடி மாதம் கூழ், தீமிதிக்கு மஞ்சள் துணி என்று இருக்கிறவள் அல்லவா நான்.

சித்தப்பா என்னைப் பொய் சொல்லச் சொன்னார். சாமி முன்னால் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். அதோடு நின்றிருந்தால் நான் நல்லவள். நிற்கவில்லை. பொய் சொல்லாமலே காரியத்தை முடிக்கிற வழியை நானே கண்டுபிடித்தேன். ஈரப்புடவையோடு போய் நின்றேன். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். குத்தகைச் சீட்டு என் வீட்டுக்காரர் பெயரில் என்றேன். நிஜம். கோயிலுக்கு நெல் அளந்த ரசீது எல்லாம் எங்கள் பெயரில் என்றேன். நிஜம். விதைநெல் எங்கள் வீட்டுப் பத்தாயத்திலிருந்து போனது, மாரிமுத்து எங்களிடம் கூலிக்கு உழுதவன் என்றேன். எல்லாமே நிஜம். அந்த இரண்டு வருஷத்தை மட்டும் சொல்லவில்லை. எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தேன். கை சுடவில்லை. அம்மனே ஒத்துக்கொண்டாள் என்று ஊர் கலைந்தது. செல்வி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. என்னைப் பார்த்து மெதுவாக, "அவ்வளவுதானாக்கா?" என்று கேட்டாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. ஒன்பது மாவும் சித்தப்பா பெயரில் பதிவானது. அடுத்த மாசி மாதத்துக்குள் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனார்கள். அந்தப் பூட்டு இன்னும் தொங்குகிறது. தினம் வாசல் தெளிக்கும்போது பார்க்கிறேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லையே, அம்மனுக்குக் கோபம் வராது என்று நம்பிக்கொண்டே வாழ்ந்தேன். ஒன்றும் ஆகவும் இல்லை, பல வருஷம். நீ பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தபோதுதான் டவுன் ஆள் ஒருவன் மனுப் போட்டான். இவர் சிங்கப்பூரில் இருந்த இரண்டு வருஷமும் நிலம் தரிசு, சாகுபடி விட்டுப்போனது, அதனால் குத்தகை செல்லாது என்று. கிராமக் கணக்கும் அதைத்தான் சொன்னது. விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனுஷன்தான். அந்த இரண்டு வருஷம் பயிர் இருந்தது என்று சொல்ல ஒரு ஆளைக் கூட்டிவாருங்கள் என்று இரண்டு தவணை கொடுத்தார். சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். நானும் சித்தப்பாவும் திருப்பூருக்குப் பஸ் ஏறினோம்.

அவர்கள் கதவைச் சாத்தவில்லை. வாங்க என்றார்கள், செல்வி டீ போட்டுக்கொடுத்தாள், உன்னை விசாரித்தாள். சித்தப்பா விஷயத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் மாரிமுத்து தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "அண்ணி சூடம் அணைச்சுச் சொன்னதுல அந்த ரெண்டு வருஷம் இல்லியேண்ணே. இல்லாத வருஷத்துக்கு நான் எப்புடி வந்து சாட்சி சொல்றது?" குத்திக்காட்டுகிற குரல் இல்லை தம்பி. அம்மன் முன்னால் முடிந்துபோன பேச்சை மாற்றக்கூடாது என்று அவன் நிஜமாகவே நம்பினான். அந்த இரண்டு பேரில் யாராவது திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். நிலம் போயிற்று. சித்தப்பா அதற்கப்புறம் வயல் பக்கமே போகாமல், மூன்றாம் வருஷம் போய்ச் சேர்ந்தார். என் சத்தியத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு கெட்டியாகத்தான் இருந்தது. பாரம் எந்த இடத்தில் வந்து விழுந்ததோ அந்த இடம்தான் ஓட்டையாக இருந்தது.

அதனால் சொல்கிறேன், அந்தக் கையெழுத்தை அப்படியே போடாதே. சண்டை போடு என்றோ வேலையை விட்டெறி என்றோ நான் சொல்லவில்லை. சராசரி எவ்வளவு என்று எழுதுகிற அதே தாளில், அதற்குக் கீழேயே, ஓட்டை எந்த இடத்தில் கூட்டமாக இருக்கிறது, அது பாரம் இழுக்கிற இடம் என்பதையும் உன் கையால் எழுது. அந்த மாதிரி நாலைந்தை எடுத்து இழுத்து உடைத்துப் பார்த்த பிறகுதான் அனுப்பலாம் என்றும் எழுது. அதற்கப்புறம் கையெழுத்துப் போடு. மேனேஜர் அந்தத் தாளைக் கிழித்தால் கிழிக்கட்டும், நீயாக விட்டுவிட்டதாக இருக்க வேண்டாம். நான் செய்த தப்பு பொய் சொன்னது அல்ல. பொய் சொல்லாததையே பெரிய புண்ணியமாக வைத்துக்கொண்டது.

கல்யாணத்தை நினைத்துப் பயப்படுவாய் என்று தெரிந்து நேற்று நானே கும்பகோணத்தில் பெண் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் போனது தப்பாக இருந்தால் திட்டு. பர்மனென்ட் ஆவது தள்ளிப்போகலாம், ஆகாமலும் போகலாம் என்று பெண்ணின் அம்மாவிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அந்த அம்மாள் முகம் சுருங்கிவிட்டது. வேலை நிலைச்சிடும்னு சொன்னதை வச்சுத்தானே சம்பந்தம் பேசினோம், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். மறைக்கவில்லை உன்னிடம், நல்ல குறி இல்லை அது. உன் கயல்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாள். வழியெல்லாம் நான் மட்டும் பேசிக்கொண்டு வந்தேன், உனக்குத்தான் தெரியுமே. பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஸ்டீயரிங் யார் கைக்குப் போகும் அத்தை?" என்று கேட்டாள். தெரியாதும்மா, யாருக்கும் தெரியாது என்றேன். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. நீ அவளைக் கூப்பிட்டு நேராகப் பேசு. என் மூலமாகப் பேசாதே.

இன்னொன்றையும் எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்கக்கூடாது. முடித்தால் மறுபடியும் அதே தப்பைச் செய்ததாக ஆகும். இந்த வேலை போனால் நீ கொஞ்ச நாளாவது இங்கே வந்து இருப்பாய் என்று என் மனசுக்குள் ஒரு மூலையில் தோன்றிவிட்டது. இரண்டு ஆளுக்கு உலை வைக்கலாம் என்று தோன்றிவிட்டது. உனக்கு நல்லதைச் சொல்கிறேனா, எனக்குத் துணை தேடிக்கொள்கிறேனா என்று நேற்று பஸ்ஸில் வரும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீதான் சோதித்துப் பார்க்கிறவன் ஆயிற்றே, என் பேச்சையும் அப்படியே பார்த்து எடுத்துக்கொள். இதில் இந்த இடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று நானே காட்டிவிட்டேன்.

நானும் சும்மா உட்கார்ந்து உனக்குப் புத்தி சொல்லவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் கோயிலில் பூசை முடிந்து பத்துப் பேர் நிற்கும்போது, அன்றைக்கு நான் விட்டுவிட்ட அந்த இரண்டு வருஷத்தைச் சொன்னேன். பூசாரி விபூதித் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இத்தனை வருஷம் கழித்து எதுக்கு இந்தப் பேச்சு என்று ஒரு அம்மாள் முணுமுணுத்தாள். கூட நடந்து வருகிறவர்கள் இன்றைக்கு முன்னால் போய்விட்டார்கள், நான் தனியாகத்தான் வீடு வந்தேன். பரவாயில்லை, தனியாக வருவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் ஊருக்குச் சொன்னது பாதிதான். சொல்ல வேண்டிய ஆள் திருப்பூரில் இருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை நீ அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போகிற நேரத்தில் நான் திருப்பூர் பஸ்ஸில் இருப்பேன். நிலம் போய்விட்டது, இனி சாட்சி கேட்க ஒன்றும் இல்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போவது இதுதான் முதல் தடவை. செல்வி இந்தத் தடவையும் டீ போடுவாளா, கதவையே திறக்க மாட்டாளா, தெரியாது. வழியில் எனக்குப் போன் செய்யாதே, உன் குரலைக் கேட்டால் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடுவேன். சாயங்காலம் கூப்பிடு. முதலில் நீ சொல், நான் ஒரு தடவையாவது பேசாமல் கேட்கிறேன்.

உன் சித்தி